மீட்டர் காக்காவின் ஒரே மதிப்பீடு

வீடு பூட்டிக் கிடந்தால் மீட்டர் வாசிக்கப் போனவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. போன மாதக் கணக்கைப் பார்த்து, இந்த மாதத்துக்கு ஓர் எண்ணை உத்தேசமாக எழுதிவிடலாம். பக்கத்தில் மதிப்பீடு என்று ஒரு குறி போட்டால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். ஜெமீல் முப்பத்தொரு வருடம் மின்சார மீட்டர் வாசித்தார். அந்தக் குறியை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பூட்டிய வீட்டுக்குப் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மறுபடி போவார். அப்போதும் பூட்டு என்றால் பக்கத்து வீட்டில் ஏணி கேட்பார். ஒருமுறை மதிலில் ஏறியவரைக் கள்வன் என்று நினைத்து ஒரு பெண் உலக்கையோடு வந்துவிட்டாள். மதில் மேல் இருந்தபடியே எண்ணை வாசித்து எழுதிவிட்டுத்தான், "நான் மீட்டர் ஜெமீல், தாத்தா, அடிக்காதீங்க" என்றாராம். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா, ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம்.

அப்படித்தான் கல்முனையில் அவர் மீட்டர் காக்கா ஆனார்.

ஓய்வு பெற்ற பிறகு காலுக்கு வேலை இல்லை. வாய்க்கு இருந்தது. சுபஹு தொழுதுவிட்டு வந்து, முன் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, காலை ஆறு நாற்பதுக்கு வட்சப்பில் ஒரு குரல் பதிவு போடுவார். முதலில் மச்சான்மார் நாலு பேருக்கு. பிறகு குறூப் ஒன்று உண்டானது. ஏழு வருடத்தில் ஆயிரத்துக்குக் கிட்ட ஆள் சேர்ந்தது. பாதிப்பேர் கத்தாரிலும் சவூதியிலும் இருந்தார்கள். அவர்களின் மனைவிமார் இங்கே மீன் வெட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். மீட்டர் ஓடுது," என்று தொடங்குவார். ஏழு நிமிடம். அதற்கு மேல் போகமாட்டார்.

"நெல்லு கிலோ தொண்ணூறுக்குக் கேக்கானுகள். கடையில அரிசி இருநூத்தி முப்பது. நடுவில கிடந்த நூத்தி நாப்பதும் எந்த ஆத்துல விழுந்த எண்டு ஆராவது முங்கிப் பாருங்க."

"இலங்கைக்காரனுகள் நேத்து ஆடின ஆட்டத்தப் பாத்தீங்களா? பதினொரு பேரும் ஒரே பஸ்ஸப் புடிக்க வந்த மாதிரி. வாறானுகள், போறானுகள்."

"கலியாண வீட்டுல இப்ப ட்ரோன் விடுறாங்க. மேல இருந்து பாத்தா எல்லா மாப்பிளையும் ஒரு தொப்பிதான். கீழ இருந்து படம் எடுங்கடா, மூஞ்சயாவது தெரியும்."

"பவுண் ஏறிட்டு. பொம்புளப் புள்ள பெத்தவங்க நெஞ்சப் புடிச்சிக்கங்க. நானும் புடிச்சிக்கிட்டுத்தான் கதைக்கன்."

அவருக்கு இருந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை, ஆகிலா. அவளுக்குக் கல்யாணம் முடிந்து பத்து வருடம். இங்கே வீடு மகளுக்குத்தான் போகும். வாப்பாவும் உம்மாவும் அவளோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளை தோஹாவில். கடைத் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் பகுதியில் ஆகிலா தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவள் வருகிறாள் என்றால் சந்தையில் சிலருக்கு அவசர வேலை வந்துவிடும். மீட்டர் காக்கா அதைப் பதிவிலும் சொன்னார். "என்ட மகள் இண்டைக்கு மீன் சந்தைப் பக்கம் வாறா. ஒரு கிலோ வாங்கிறவங்க இண்டைக்கு வாங்குங்க. ஒரு கிலோ கிடைக்கும்."

கண்ணால் பார்த்ததை மட்டும்தான் கதைப்பேன் என்பது அவருடைய பெருமை. குறூப்பில் யாராவது ஒரு வதந்தியைக் கொண்டுவந்து போட்டால், "மீட்டர் பெட்டியத் தொறந்து பாத்தியா, படலையில நிண்டு எழுதினியா?" என்று கேட்பார்.

ஒரு நாள் அவரே பெட்டியைத் திறக்காமல், வாசல் படலையில் நின்று எழுதினார்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடற்கரை மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் பக்கக் கழகமும் காரைதீவு அணியும். நெஞ்சு வைத்தியர் போட்டி பார்க்கப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தபடியால் ஜெமீல் வீட்டில் இருந்து போனில் நேரலை பார்த்தார். ஆட்டம் சமனில் முடிந்து தண்டனை உதைக்கு வந்தது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கடைசி உதை. கோல் காப்பாளர் நூஹு, தைக்கா என்ற சின்னப் பள்ளிவாசலில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்லும் மோதினாரின் மகன், இருபத்திரண்டு வயது. காரைதீவுப் பெடியன் சுலக்சன் ஓடி வந்து உதைத்தான். நூஹு கையைக் கீழே போட்டபடி நின்றான். பந்து அவன் இடுப்புக்கு ஒரு முழம் பக்கத்தால் உள்ளே போனது.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு மீட்டர் ஓடியது.

"நூஹு லைட்டுப் போஸ்ட் மாதிரி நிண்டான். போஸ்ட் எண்டாலும் காத்துக்கு ஒருக்கா ஆடும். இவன் ஆடல்ல. பந்து பக்கத்தால போகுது, கை அசையல்ல. எவ்வளவுக்கு நிண்டான் எண்டு அவனுக்கும் அல்லாஹ்வுக்கும்தான் தெரியும்."

ஆயிரம் பேர் சிரித்தார்கள். அந்த முப்பது செக்கனை வெட்டி மற்றக் குறூப்புகளுக்கும் அனுப்பினார்கள். அன்றிலிருந்து நூஹு சைக்கிளில் போனால் ஒழுங்கைக்குள் இருந்து யாராவது "எவ்வளவுக்கு?" என்று கேட்பார்கள். கழகம் அவனிடம் கையுறையைத் திருப்பிக் கேட்டது. அவன் கொடுத்துவிட்டான். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. சொல்லாததால் காசு வாங்கியிருக்கிறான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

போட்டி முடிந்து பத்தொன்பது நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, பதிவைப் போட்டுவிட்டுப் பிளேன்டித் தேநீருக்குக் கை நீட்டிய ஜெமீல் கோப்பையைப் பிடிக்கவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு அடக்கம். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து கேட்பது வழக்கம். ஆகிலாவின் தம்பி முர்ஷித், பசாரில் மின்சாதனக் கடை வைத்திருப்பவன், ஒலிவாங்கியில் கேட்டான். ஆகிலா பெண்களோடு வீட்டில் இருந்து, கூரைகளுக்கு மேலால் வந்த தம்பியின் குரலைக் கேட்டாள்.

"எங்கட வாப்பா ஆருக்காவது கடன் கிடன் குடுக்க இருந்தா எங்கட்டச் செல்லுங்க. நாங்க பொறுப்பெடுக்கம். ஆர்ர மனசையாவது நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க."

யாரும் கை தூக்கவில்லை. அப்படித்தான் நடக்கும்.

மூன்றாம் நாள் பின்னேரம், மோதினார் மீராசாவின் பெண்சாதி, நூஹுவின் தாய் றாஹிலா வந்தாள். ஆகிலாவின் உம்மா, கணவனை இழந்தவர் தனித்திருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தாள். றாஹிலா உம்மாவின் கையைப் பிடித்து சலாம் சொல்லிவிட்டு, வெளியே வந்து ஆகிலாவைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள். இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை.

"புள்ள, ஜனாஸாவுல தம்பி கேட்டாரே, ஆருக்கும் குடுக்க இரிக்கா எண்டு."

"ஓம் தாத்தா. செல்லுங்க. எவ்வளவு எண்டாலும்..."

"எவ்வளவு எண்டு கேக்காத, புள்ள." றாஹிலாவின் முகம் சுருங்கியது. "அந்தச் சொல்லத்தான் ஊரு முழுக்கக் கேக்குது."

ஆகிலா நாக்கைக் கடித்தாள்.

"சல்லி இல்ல. ஒரு சொல்லு இரிக்கி. ஒங்கட வாப்பா என்ட புள்ளையப் பத்திச் செல்லினது. அண்டைக்குப் பள்ளியில இவர் கை தூக்கல்ல, மகனும் தூக்கல்ல. மையித்துக்கு முன்னால என்னத்தக் கதைக்க? நான் மன்னிச்சிட்டன் எண்டு நாலு தரம் வாயால செல்லிப் பாத்தன். வாய் செல்லுது, உள்ளுக்கு வருதில்ல. நான் மன்னிக்காம அந்த மனிசன் கப்றுல கிடக்கிற எனக்கும் பயமா இரிக்கி. அதுதான் வந்தன்."

"நூஹு என்ன செல்றான்?"

"அவன் என்னத்தச் செல்ற? கேட்டா எழும்பிப் போறான். காசு வாங்கினியாடா எண்டு அவன்ட வாப்பாவே ஒரு நாள் கேட்டுட்டார். அண்டையில இருந்து ரெண்டு பேரும் ஒரே பாயில சாப்பிடுற இல்ல."

றாஹிலா போன பிறகு ஆகிலா வாப்பாவின் போனை எடுத்தாள். மூன்று நாளாக அது அலுமாரித் தட்டில் மின்னேறிக்கொண்டு கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு கருவி பிழை காட்டுகிறது என்று முறைப்பாடு வந்தால், முதலில் கருவியைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான் அப்போது அவள் மனதில் இருந்தது.

நூஹுவின் பெயரில் ஒரு குரல் பதிவு இருந்தது. போட்டி முடிந்து ஐந்தாம் நாள் வந்தது. ஒரு நிமிடம் பதினொரு செக்கன். பக்கத்தில் ஒலிவாங்கிப் படம் நீல நிறத்தில் இருந்தது. வாப்பா கேட்டிருக்கிறார்.

அவளும் கேட்டாள்.

"ஜெமீல் காக்கா, நான் நூஹு. நான் ஒருத்தன்ட சல்லியும் தொடல்ல. பாங்கு கேட்டுது, காக்கா. எங்கட தைக்காப் பாங்கு, வாப்பாட சத்தம். சின்னதுல இருந்து அந்தச் சத்தம் கேட்டா எங்க நிண்டாலும் நிண்டுருவன். பாங்கு சென்னா ஆட்டம் நிக்கும்தானே. ஆனா அம்பாறையில இருந்து வந்த நடுவருக்குப் பெரிய பள்ளிப் பாங்குக்கு நிப்பாட்டத்தான் செல்லி இருந்த. அது வர இன்னும் ஒண்டர நிமிசம் கிடந்த. எனக்கு அது நினைப்பு வரல்ல. இத வெளியில செல்ல ஏலா. வாப்பாட மணிக்கூடு முந்தி ஓடுது எண்டு வரும். நோம்பு தொறந்த சனமெல்லாம் வந்து வாப்பாட்டக் கேக்கும். அதால ஒங்களுக்கு மட்டும் செல்றன். ஒங்கட வாயால அந்த 'எவ்வளவுக்கு'ங்கிறத மட்டும் திருப்பி எடுங்க. வாப்பாட மணிக்கூட்டக் கதைக்காதீங்க."

கீழே வாப்பாவின் மறுமொழி, எழுத்தில். "சரி மகன். பாப்பம்."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வாப்பா பதினான்கு நாள் உயிரோடு இருந்தார். பதினான்கு பதிவு போட்டார். ஆகிலா அவற்றை வரிசையாகக் கேட்டாள். பெரிய வெங்காயம், மின்கட்டணம், ஒலுவிலில் கடல் தின்ற கரை, ஒரு டெஸ்ட் போட்டி, கல்யாண மண்டபத்தில் வீணாகும் சோறு. நூஹுவைப் பற்றி எங்கும் ஒரு சொல் இல்லை. ஒன்பதாவது பதிவில் மட்டும், நெல் விலைக்குப் பிறகு, "அண்டைக்கு ஒரு ஆட்டத்தப் பத்தி..." என்று தொடங்கினார். பிறகு மௌனம். விறாந்தைக்கு முன்னால் ஒரு முச்சக்கர வண்டி போகும் சத்தம். பிறகு, "சரி, தேங்காய்க்கு வருவம்."

ஆகிலா அந்த மௌனத்தை அளந்தாள். நான்கு செக்கன். மறுபடி அளந்தாள். நான்குதான்.

சொல்ல வழி தெரியாமல் நின்றாரா, சொல்ல மனம் வராமல் நின்றாரா என்று அந்த நான்கு செக்கனில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு கருவியும் இல்லை. ஆனால் போட்ட எண் பிழை என்பது தெரிந்துவிட்டது. பிழை என்று தெரிந்த தராசைச் சந்தையில் விட்டு வைக்க முடியாது.

அடுத்த நாள் காலை அவள் நளீமைத் தேடிப் போனாள். போட்டியை நேரலை செய்தவன் அவன்தான். ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"நளீம், அண்டைக்குப் புடிச்ச வீடியோட ஒரிஜினல் கிடக்கா?"

"கிடக்கு ராத்தா. ஏன்?"

"நேரலையில மைதானத்துச் சத்தம் இல்ல. பாட்டுத்தான் போகுது."

"அது தளபாடக் கடைக்காரர்ர விளம்பரம், ராத்தா. பெனால்டி நேரம்தான் கூடச் சனம் பாக்கும், அப்ப போடு எண்டு கட்டளை. சத்தத்த நிப்பாட்டிட்டு அதப் போட்டன்." அவன் தலையைச் சொறிந்தான். "கெமராவுல சத்தம் இரிக்கி. ஆரும் கேக்கல்ல, நானும் பாக்கல்ல."

இருவரும் கேட்டார்கள். நடுவரின் விசில். உடனே, தெளிவாக, மோதினார் மீராசாவின் குரல். நூஹு குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கைகளைக் கீழே விடுகிறான். சுலக்சன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தான். உதை. சனத்தின் கூச்சல். அந்தக் கூச்சலில் ஒருவரும் கவனிக்காமல் பாங்கு போய்க்கொண்டே இருக்கிறது. நளீம் கையில் இருந்த பசைத் தூரிகையைக் கீழே வைத்தான்.

"யா அல்லாஹ். நானும் அவனப் பாத்து 'எவ்வளவுக்கு' எண்டு கேட்டன், ராத்தா. ரெண்டு தரம்."

ஆகிலா பாங்கு தொடங்கிய இடத்தையும், பின்னால் பெரிய பள்ளிப் பாங்கு தொடங்கிய இடத்தையும் குறித்துக்கொண்டாள். இடையில் ஒரு நிமிடம் முப்பத்தெட்டு செக்கன்.

இனி மணிக்கூடு.

நூஹு கேட்டது ஒன்றுதான்: வாப்பாவின் மணிக்கூட்டைக் கதைக்க வேண்டாம். அதைக் கதைக்காமல் அவன் ஏன் நின்றான் என்று சொல்ல முடியாது. அவனுடைய இரகசியத்தை அவனுடைய வாப்பாவிடமே உடைப்பது சரியா என்று அவள் தைக்கா வாசல் வரை யோசித்தாள். மகன் காசு வாங்கினான் என்று நினைத்துக்கொண்டு வாப்பா தனிப்பாயில் சாப்பிடுகிறார். அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது என்று முடிவெடுத்துக் கூப்பிட்டாள்.

மீராசா வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரிது. அவள் சுற்றி வளைக்கவில்லை. நளீமின் பதிவைப் போனில் போட்டுக் காட்டினாள். அவர் இரண்டு தரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"பாரு, புள்ள. ஒண்ட வேலதானே இது."

அவள் பார்த்தாள். ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு செக்கன் முந்தி ஓடியது.

மீராசா வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். "நோம்புல என்ட பாங்குக்கு, பொழுது பட முந்தியே நோம்பு தொறந்த சனம்... எத்தின பேர்ர நோம்பு போச்சு, புள்ள?"

"இந்த மணிக்கூட்ட எப்ப கடைசியாச் சரி பாத்து வெச்ச?"

"நோம்புத் தலைப்பிறைக்கு. பெரிய பள்ளி மணிக்கூட்டோட."

அவள் போனில் கணக்குப் போட்டாள். தலைப்பிறையில் இருந்து இன்றைக்கு நூற்று அறுபத்து மூன்று நாள். ஒரு நாளைக்கு ஒரு செக்கனுக்குக் குறைவாகத்தான் முந்துகிறது. அந்தக் கணக்குப்படி போட்டி நாளில் ஒரு நிமிடம் முப்பத்தேழு. நளீமின் பதிவில் ஒரு நிமிடம் முப்பத்தெட்டு.

"கேளுங்க மோதினார். நோன்பு கடைசி நாள்ல இது முந்தினது இருபது செக்கன். இருபதுதான். கலண்டர்ல நேரம் போடக்குள்ள ரெண்டு மூணு நிமிசம் பிந்தி, பேணுதல் வெச்சுத்தான் போட்டிரிக்கி. ஒருத்தர்ர நோன்பும் போகல்ல."

"மெய்யா?"

"நான் முத்திர குத்தித் தாறன்."

அவர் முகத்தைச் சால்வையால் துடைத்தார்.

"நான் அவனக் கேட்டுட்டன், புள்ள. சல்லி வாங்கினியா எண்டு. அவன் என்னப் பாத்தான், ஒண்டும் செல்லல்ல. என்ட மணிக்கூட்டக் காப்பாத்தத்தான் அந்தப் பார்வை பாத்திரிக்கான்."

"இத நான் குறூப்புல செல்லவேணும். ஆனா நூஹு மணிக்கூட்டக் கதைக்காதீங்க எண்டு வாப்பாட்டக் கேட்டிரிக்கான். நீங்க வேணாம் எண்டா..."

"செல்லு. மகன்ட பேரக் குடுத்து மணிக்கூட்டுக்குப் பேரு வாங்கிற வாப்பா நான் இல்ல. அவன என்ட கையில விடு." எழும்பி மணிக்கூட்டைத் தட்டினார். "முதல் இதச் சரிபாத்துத் தந்துட்டுப் போ. பொழுது பட்டா மஃரிபுக்கு வேணும்."

வீட்டில் முர்ஷித் காத்திருந்தான். நளீம் அவனுக்குச் சொல்லிவிட்டான்.

"ராத்தா, நூஹு காசு வாங்கல்ல எண்டு செல்லுங்க. மெத்தச் சரி. நானும் செல்றன். ஆனா வாப்பா அந்தப் பதிவக் கேட்டுட்டுச் சும்மா இருந்தார் எண்டத ஏன் செல்லவேணும்? அது ஒங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம்."

"நூஹுக்கும் தெரியும். அவன்ட போன்லயும் நீலம் விழுந்திரிக்கும்."

"அவன் செல்லமாட்டான்."

"அதாலதான் நாம செல்லவேணும்."

"ராத்தா!" அவன் குரல் உடைந்தது. "வாப்பா மவுத்தாகி ஒரு கிழமையும் முழுசா ஆகல்ல. கத்தம் ஓதின சோறு திண்ட சனம் வாப்பாவப் பத்தி என்ன கதைக்கும்? ஏழு வருசம் அந்த மனிசன் கட்டின பேரு."

"அரைக்கிலோப் படிக்கல்லுல ரெண்டு கிராம் குறைஞ்சா நான் முத்திர குத்துற இல்ல, முர்ஷித். கடைக்காரர் என்ட சொந்தம் எண்டாலும் குத்துற இல்ல. வாப்பாதான் எனக்கு அதச் செல்லித் தந்த."

"வாப்பா ஒரு படிக்கல்லா?"

கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து உம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் பதிவு என்ன தேதி, புள்ள?"

"ஜூலை இருபத்தி மூணு, உம்மா."

"அண்டையில இருந்து அவர் ராச்சோறு திண்டதில்ல. மருந்து ஒத்துக்கொள்ளல்ல எண்டு நினைச்சன். டொக்டர்ட்டப் போவம் எண்டன். டொக்டர்ட்ட இதுக்கு மருந்து இல்ல எண்டார். வாய்க்கொழுப்புக் கதை எண்டு ஏசினன்." உம்மா சீலையை ஒதுக்கினாள். "பயந்திரிக்கார். ஆயிரம் பேருக்கு முன்னால பிழைச்சிட்டன் எண்டு செல்லப் பயந்திரிக்கார். முழுசாச் செல்லு, புள்ள. பாதி செல்லினா அவருக்குப் பாதிதான் இறங்கும்."

முர்ஷித் தலையைக் குனிந்தான். பிறகு எழும்பிப் போய், வாப்பா போன் வைக்கிற, விறாந்தையில் மடித்துச் சாத்தியிருந்த பிளாஸ்டிக் மேசையை விரித்து, வாப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தான். அடக்கத்தன்று அதை மடித்து வைத்தது அவன்தான்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு ஆகிலா அந்தக் கதிரையில் இருக்கவில்லை. பக்கத்தில் நின்றாள். எழுதி வைத்திருந்ததை வாசித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜெமீலின் மகள் ஆகிலா. இது ஒரு திருத்தம். ஜூலை பத்தொன்பதாம் தேதி வாப்பா இந்தக் குறூப்பில் நூஹுவைப் பற்றி ஒன்று சொன்னார். அது பிழை. வாப்பா மைதானத்தில் இருக்கவில்லை. சத்தம் நிறுத்திய நேரலையைப் பார்த்தார். சத்தத்தோடு உள்ள பதிவை இதற்குக் கீழே போடுகிறேன், எல்லாரும் கேளுங்கள். தைக்காவில் பாங்கு சொன்னது. நூஹு பாங்குக்கு நின்றான். நம் ஊரில் எல்லாப் பிள்ளையும் நிற்கிற மாதிரி நின்றான். நடுவர் பெரிய பள்ளிப் பாங்குக்குக் காத்திருந்தார். தைக்கா மணிக்கூடு அன்று ஒன்றரை நிமிடம் முந்தி இருந்தது. மோதினாரின் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். நோன்பில் அது இருபது செக்கன்தான் முந்தியது. நான் கணக்குப் பார்த்தேன். ஒருவருடைய நோன்புக்கும் பழுதில்லை. மணிக்கூடு இப்போது சரி.

"இன்னொன்று. நூஹு இதை ஐந்தாம் நாளே வாப்பாவுக்குச் சொல்லிவிட்டான். வாப்பா கேட்டார். கேட்டும் பதினான்கு நாள் திருத்தவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடம் அவர் ஒரு வீட்டு மீட்டரையும் மதிப்பீட்டில் எழுதவில்லை. இந்த ஒன்றை எழுதிவிட்டார். அதை அவருடைய பிள்ளைகள் அழிக்கிறோம். அந்த முப்பது செக்கனை மற்ற இடங்களுக்கு அனுப்பியவர்கள் இதையும் அதே இடங்களுக்கு அனுப்புங்கள். நூஹு, நீயும் உன் உம்மாவும் எங்கள் வாப்பாவை மன்னிக்க வேண்டும். மன்னிக்க முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். வஸ்ஸலாம்."

இரண்டு நிமிடம் ஐந்து செக்கன். கீழே நளீமின் பதிவைப் போட்டாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

ஏழு மணிக்குத் திருப்பிப் பார்த்தபோது குறூப் நிரம்பிக் கிடந்தது. பாதிப்பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். ரியாத்தில் இருந்து ஒருவர், "நானும் அனுப்பினன். எட்டு இடத்துக்கு. இப்ப எட்டுக்கும் இத அனுப்பிட்டன்," என்றார். ஒருவர், "பொம்புளப் புள்ளைர குரல் ஆம்புளயள்ர குறூப்புல என்னத்துக்கு?" என்று எழுதியிருந்தார். அவர் சந்தையில் வெங்காய வியாபாரி. கீழே யாரோ மறுமொழி போட்டிருந்தார்: "காக்கா, ஒங்கட தராசுல எப்ப முத்திர குத்தின? அவ வரப்போறா, கவனம்." அதற்குக் கீழே சிரிப்பு முகம் முப்பது. வெங்காய வியாபாரி தான் எழுதியதை அழித்துவிட்டார்.

கழகச் செயலாளர் ஒரே வரி எழுதியிருந்தார்: "கையுறை அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரும்."

நூஹுவிடம் இருந்து ஒன்றும் இல்லை.

பகல் போனது. லுஹர் போனது. அஸரும் போனது. ஆகிலா விடுமுறையில்தான் இருந்தாள், ஆனாலும் பாவாடைப் பையில் வாப்பாவின் போனை வைத்துக்கொண்டு இரண்டு தரம் வீட்டைக் கூட்டினாள். முர்ஷித் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, வேலை இல்லாத மின்விசிறி ஒன்றைக் கழற்றித் துடைத்தான்.

மஃரிபுக்குப் பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது. அதே மூச்சில் தைக்காவிலும் தொடங்கியது. இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக ஊருக்கு மேலால் போயின. தைக்காக் குரல் வழக்கமான குரல் இல்லை. இளம் குரல்.

"ஆரு அது?" என்றாள் உம்மா உள்ளே இருந்து.

"நூஹு," என்றான் முர்ஷித். "மோதினார் மகன விட்டிரிக்கார்."

தொழுது முடித்துப் பாயை மடிக்கும்போது போன் அதிர்ந்தது. நூஹுவின் பதிவு. ஒன்பது செக்கன். ஆகிலா அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். முர்ஷித் கதவடியில் வந்து நின்றான். அவள் அழுத்தினாள்.

முதலில் பின்னால் சட்டி பானைச் சத்தம். பிறகு அவன் குரல்.

"ராத்தா, நாங்க ரெண்டு பேரும் மன்னிச்சிட்டம். ஜெமீல் காக்காக்கு ஹலால்." தூரத்தில் றாஹிலா சொல்வது கேட்டது: "செல்லு, உள்ளுக்கிருந்து வந்திட்டு எண்டு செல்லு." அவன் சிரித்தான். பதிவு அத்தோடு நின்றது.

ஒலிவாங்கிப் படம் நீலமானது.

உம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாப்பாட்டப் போடு, புள்ள," என்றாள் உம்மா. பிறகு, ஆகிலா எழும்பப் போகும்போது, கையைப் பிடித்து நிறுத்தினாள். "முதல் அத இன்னொருக்காப் போடு."